அமெரிக்காவில் புதிதாக வந்து இறங்கியவர்களைப் பொதுமக்கள் எப்படிப் பார்த்தார்கள்? (1750–1965): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியேறிகளால் உருவான நாட்டில் குடியேறிகள் மீதான எதிர்ப்பு எப்போது தொடங்கியது?

நாடு உருவாவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பென்சில்வேனியா ஆங்கிலேயரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ரைன் நதிக்கரையிலிருந்து ஜெர்மானிய உழவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து இறங்கினார்கள். 1751இல் எழுதி 1755இல் அச்சான ஒரு கட்டுரையில் பெஞ்சமின் பிராங்க்ளின் அவர்களைப் பற்றிக் கவலைப்பட்டார். ஆங்கிலேயர் நிறுவிய பென்சில்வேனியா ஏன் அயலாரின் குடியிருப்பாக மாற வேண்டும், நாம் அவர்களை ஆங்கிலேயராக்குவதற்குள் அவர்கள் நம்மை ஜெர்மானியராக்கிவிடுவார்களே என்பது அவருடைய அச்சம். அவர்களுடைய நிறம்கூட அவருக்குக் குறையாகத் தெரிந்தது. ஜெர்மானியரில் சாக்சனியரை மட்டுமே ஆங்கிலேயருக்கு நிகரான வெள்ளையர் என்று ஒப்புக்கொண்டார்.

இன்று படிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் எண்ணிக்கை, மொழி, பழக்கவழக்கம், நிறம் என்று அவர் அடுக்கிய குறைகளையே அடுத்த 200 ஆண்டுகளில் வந்திறங்கிய ஏறக்குறைய ஒவ்வொரு கூட்டத்தின் மீதும் சொன்னார்கள். அந்தக் கட்டுரை பிராங்க்ளினைச் சும்மா விடவுமில்லை. 1764ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் எதிரணியினர் அந்தப் பகுதியை ஜெர்மானிய வாக்காளர்களிடையே பரப்பினார்கள். அவர் தம் இடத்தை இழந்தார். வந்தவர்களுக்கு வாக்கு இருந்ததா இல்லையா என்ற கேள்வி இந்த வரலாறு முழுவதிலும் எவ்வளவு முக்கியமானது என்பதற்கு இது முதல் சான்று.

ஐரிஷ் மக்கள் மீது அவ்வளவு வெறுப்பு ஏன் எழுந்தது? அவர்களும் ஆங்கிலம் பேசிய வெள்ளையர்தானே?

சமயமும் வறுமையும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் காரணம். அன்றைய அமெரிக்கர்களில் மிகப் பெரும்பாலோர் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கர் ரோமில் இருக்கும் போப்பாண்டவருக்குக் கட்டுப்பட்டவர்கள், ஆகவே ஒரு குடியரசில் சுயமாகச் சிந்தித்து வாக்களிக்கும் குடிமக்களாக அவர்களால் இருக்க முடியாது என்ற எண்ணம் தேவாலய மேடைகளிலும் நாளேடுகளிலும் சாதாரணமாகப் பேசப்பட்டது. 1834ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள சார்ல்ஸ்டவுனில் ஒரு கும்பல் கன்னியர் மடம் ஒன்றைக் கொளுத்தியது. 1844இல் பிலடெல்பியாவில், பள்ளிகளில் எந்த விவிலிய மொழிபெயர்ப்பைப் படிப்பது என்ற தகராறு கலவரமாக முற்றி, இரண்டு கத்தோலிக்கத் தேவாலயங்கள் எரிந்தன. மே, ஜூலை என இரண்டு மாதங்களில் நடந்த மோதல்களில் இருபது பேருக்குக் குறையாமல் மாண்டார்கள்.

இவ்வளவும் அயர்லாந்தின் பெரும்பஞ்சத்துக்கு முன்பு நடந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிய பிறகு, அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ 15 இலட்சம் ஐரிஷ் மக்கள் அமெரிக்கா வந்தார்கள். முன்பு வந்தவர்களில் கைத்தொழில் தெரிந்தவர்களும் சிறு முதல் வைத்திருந்தவர்களும் இருந்தனர்; பஞ்சத்தில் வந்தவர்களோ பெரும்பாலும் கப்பலை விட்டு இறங்கும்போதே காய்ச்சலும் பசியுமாக இருந்தவர்கள். துறைமுகத்தை அடுத்த நிலவறைகளிலும் ஒண்டுக் குடித்தனங்களிலும் அவர்கள் அடைந்து கிடந்ததைப் பார்த்த நகரவாசிகள், அந்த நெருக்கடியை அவர்களுடைய பிறவிக் குணமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

‘எனக்கு எதுவும் தெரியாது’ கட்சி என்பது என்ன?

1849இல் நியூயார்க்கில் ஓர் இரகசியச் சங்கமாகத் தோன்றியது. வெளியாள் யாராவது சங்கத்தைப் பற்றிக் கேட்டால் எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்பது உறுப்பினர்களுக்கு இட்ட கட்டளை. அதுவே அவர்களுடைய பட்டப்பெயராகவும் ஆகிவிட்டது. அமெரிக்கக் கட்சி என்ற பெயரில் வெளிப்படையாக இயங்கத் தொடங்கியபோது அவர்கள் முன்வைத்த முதன்மையான கோரிக்கை, குடியுரிமைக்கு வேண்டிய காத்திருப்புக் காலத்தை 5 ஆண்டுகளிலிருந்து 21 ஆண்டுகளாக உயர்த்த வேண்டும் என்பது. குடியேற்றத்தை நிறுத்துவதைக் காட்டிலும், வந்தவர்களை வாக்குப்பெட்டிக்கு எட்டாமல் வைப்பதே அவர்களின் நோக்கமாக இருந்தது.

1854ஆம் ஆண்டுத் தேர்தலில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஆளுநர் பதவி, மேலவை முழுவதும், கீழவையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்கள் தவிர மற்ற அனைத்தும் இக்கட்சியின் கையில் விழுந்தன. அந்த ஆட்சியைக் கருப்பு வெள்ளையாகப் பார்க்க முடியாது. ஐரிஷ் போர்ப்படைப் பிரிவுகளைக் கலைத்தார்கள். ஆதரவற்ற ஐரிஷ் ஏழைகளைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். கன்னியர் மடங்களைச் சோதிக்க ஒரு குழுவையும் அமைத்தார்கள். (அக்குழுவின் முக்கிய உறுப்பினர் அரசுச் செலவில் நடத்திய கேளிக்கை அம்பலமாகி, அவையிலிருந்தே நீக்கப்பட்டார்.) அதே சட்டமன்றம்தான் 1855இல் பொதுப்பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைப் பிரித்து வைப்பதைத் தடை செய்தது. அடிமை முறையை மனமார எதிர்த்த ஒருவர் ஐரிஷ்காரரை மனமார வெறுத்தார் என்பதில் அன்றைய மாசச்சூசெட்ஸ்காரர்கள் எந்த முரண்பாட்டையும் காணவில்லை.

1855 ஆகஸ்டில் கென்டக்கியின் லூயிவில் நகரில் தேர்தல் நாளன்று ஐரிஷ், ஜெர்மானியக் குடியிருப்புகள் தாக்கப்பட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் ஆபிரகாம் லிங்கன் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், எல்லா மனிதரும் சமம் என்று தொடங்கிய நாம் நடைமுறையில் கறுப்பரை விலக்கிப் படிக்கிறோம், இக்கட்சியினர் அதிகாரத்துக்கு வந்தால் அயல்நாட்டாரையும் கத்தோலிக்கரையும் சேர்த்து விலக்கிப் படிப்பார்கள் என்று குறிப்பிட்டார். அந்தக் கருத்தை அவர் மேடையேறி முழங்கவில்லை. அக்கட்சியினரின் வாக்குகள் அவருக்குத் தேவைப்பட்டன. 1856இல் மில்லார்ட் பில்மோரை அதிபர் வேட்பாளராக நிறுத்தி, மேரிலாந்து என்ற ஒரே மாநிலத்தை மட்டும் வென்ற பிறகு, அடிமை முறை பற்றிய பெருஞ்சண்டையில் கட்சி உடைந்து கரைந்தது.

‘ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டாம்’ என்ற அறிவிப்புகள் உண்மையிலேயே இருந்தனவா?

இருந்தன. ஐரிஷ் அமெரிக்கக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவந்த இந்தச் செய்தி பெரும்பாலும் கட்டுக்கதை என்று ரிச்சர்ட் ஜென்சன் என்னும் வரலாற்றாசிரியர் 2002இல் வாதிட்டார். பல ஆண்டுகள் அதுவே அறிஞர் முடிவாக ஏற்கப்பட்டிருந்தது. 2015இல் 14 வயதுப் பள்ளி மாணவி ஒருவர், மின்வடிவில் கிடைக்கும் பழைய செய்தித்தாள்களைத் தேடி, அத்தகைய விளம்பரங்கள் பலவற்றைத் திரட்டி அதே ஆய்விதழில் மறுப்புக் கட்டுரை வெளியிட்டார்.

ஐரிஷ் எதிர்ப்பு எப்படித் தணிந்தது?

உள்நாட்டுப் போரில் ஐரிஷ் படைப்பிரிவுகள் சிந்திய இரத்தமே காரணம் என்று சொல்வது வழக்கம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் 1863இல் கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்து நியூயார்க்கில் நடந்த கலவரத்தில் ஐரிஷ் தொழிலாளர் பெருமளவில் பங்கேற்று, கறுப்பின மக்களைக் கொடூரமாகத் தாக்கியதும் அதே போர்க்காலத்தில்தான். அதைக் காட்டிலும் உறுதியான காரணம் குடியுரிமைச் சட்டம் என்றே இதை எழுதுபவர் கருதுகிறார். 1790ஆம் ஆண்டுச் சட்டம் சுதந்திரமான வெள்ளையர் எவரும் குடியுரிமை பெறலாம் என்றது. 1802 முதல் அதற்கான காலம் 5 ஆண்டுகள். எவ்வளவு இகழப்பட்டாலும் ஐரிஷ்காரர் 5 ஆண்டுகளில் வாக்காளரானார். நியூயார்க்கின் டம்மனி ஹால் போன்ற கட்சி அமைப்புகள் கப்பல்துறையிலிருந்தே அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, நகராட்சி வேலையும் குளிர்காலத்துக்கு நிலக்கரியும் கொடுத்து வாக்கை வாங்கின. ஊழல்தான், மறுப்பதற்கில்லை, ஆனால் அந்த ஊழலின் வழியாகவே அவர்கள் காவலராகவும் தீயணைப்பு வீரராகவும் மாமன்ற உறுப்பினராகவும் ஆனார்கள். 1880இல் நியூயார்க்கும் 1884இல் பாஸ்டனும் அயர்லாந்தில் பிறந்த கத்தோலிக்கரை நகரத் தந்தையாகத் தேர்ந்தெடுத்தன. அதிபர் மாளிகைக்கு மட்டும் 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சீனர்களின் நிலை எதனால் வேறுபட்டது?

மேலே சொன்ன சட்டத்தின் மறுபக்கத்தால். வெள்ளையர் அல்லாதவர் என்பதால் சீனர் குடியுரிமை பெற முடியாது. ஆகவே அவர்களைத் தாக்கிப் பேசிய அரசியல்வாதி ஒரு வாக்கைக்கூட இழக்கவில்லை. உள்நாட்டுப் போருக்குப் பின் 1870இல் இச்சட்டம் திருத்தப்பட்டபோது, வெள்ளையர் என்ற சொல்லையே நீக்கிவிட வேண்டும் என்று செனட்டர் சார்ல்ஸ் சம்னர் வாதாடினார். ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்துக்கொண்ட அவை, மேற்குக் கரை உறுப்பினர்களின் எதிர்ப்பால் ஆசியரைச் சேர்க்க மறுத்தது.

கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவிய பிறகு, 1850களின் தொடக்கத்தில் சீனர்கள் பெருமளவில் வரத் தொடங்கினார்கள். 1852இல் அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் மீது மாதம் 3 டாலர் வரி விதிக்கப்பட்டது. நடைமுறையில் அதைக் கட்டியவர்கள் பெரும்பாலும் சீனர்களே. 1854இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், ஒரு சீனரைக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்ட வெள்ளையரை விடுவித்தது. சீனர் சொல்லும் சாட்சியம் வெள்ளையருக்கு எதிராகச் செல்லாது என்பதே காரணம். வெளிப்படையான கொலைக்கே தண்டனை இல்லை என்றாகிவிட்ட இடத்தில் பொதுமக்கள் மனப்பான்மை எந்தத் திசையில் போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சென்ட்ரல் பசிபிக் நிறுவனம் சியரா நெவாடா மலைகளைக் குடைந்து இருப்புப்பாதை போட்டபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் வேலை செய்தார்கள். 1869இல் பாதை முடிந்தது. 1873இல் பொருளாதார நெருக்கடி வந்தது. வேலையிழந்த வெள்ளைத் தொழிலாளர்களிடம், கூலி குறைந்ததற்குச் சீனரே காரணம் என்று டெனிஸ் கியர்னி என்ற பேச்சாளர் சான் பிரான்சிஸ்கோவில் கூட்டம் கூட்டமாகப் பேசினார். சீனர் போயே ஆக வேண்டும் என்பதே அவருடைய ஒவ்வொரு உரைக்கும் முத்தாய்ப்பு. கியர்னி அயர்லாந்தில் பிறந்து, குடியுரிமை பெற்றுச் சில ஆண்டுகளே ஆனவர்.

1882இல் சீனத் தொழிலாளர் வருகையை 10 ஆண்டுகளுக்குத் தடை செய்யும் சட்டம் வந்தது. அப்போது நாட்டின் மக்கள்தொகை ஐந்து கோடி. சீனர் ஏறத்தாழ 1,05,000 பேர். 1885 செப்டம்பரில் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் 28 சீனர்கள் கொல்லப்பட்டார்கள், ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. தாக்கியவர்களில் பலர் தாமும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். 1888இல் இன்னொரு சட்டம், ஊருக்குப் போயிருந்த சுமார் 20,000 சீனர்களிடம் இருந்த திரும்பிவரும் சான்றிதழ்களைச் செல்லாதவையாக்கியது. தடை 1902இல் காலவரையின்றி நீட்டிக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் சீனா கூட்டாளி நாடானதால் 1943இல் நீங்கியது. அப்போதும் சீனருக்குக் கிடைத்த ஆண்டு ஒதுக்கீடு 105 பேர்.

எதிர்த்தவர்கள் எல்லோரும் படிக்காத ஏழைத் தொழிலாளர்களா?

அப்படி நினைப்பது படித்தவர்களுக்கு வசதியான கதை. 1894இல் பாஸ்டனில் குடியேற்றக் கட்டுப்பாட்டுக் கழகத்தைத் தொடங்கியவர்கள் ஹார்வர்டு பட்டதாரிகள். அவர்கள் கல் எறியவில்லை. புள்ளிவிவரமும் உயிரியலும் பேசினார்கள். தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த இத்தாலியர், யூதர், போலந்துக்காரர் ஆகியோர் பழைய குடியேறிகளைவிடத் தாழ்ந்த இனத்தவர் என்பது அவர்களுடைய வாதம். எழுத்தறிவுத் தேர்வு வைத்து வடிகட்ட வேண்டும் என்பது கோரிக்கை. 1897இல் அத்தகைய சட்டத்தை மறுத்துத் திருப்பி அனுப்பிய அதிபர் குரோவர் கிளீவ்லண்டு, இன்று நம் சிறந்த குடிமக்களாக இருப்பவர்களைப் பற்றியும் அண்மைக் காலம் வரை இதையேதான் சொன்னோம் என்று எழுதினார். அவருக்குப் பின் டாப்ட் ஒரு முறையும் வில்சன் இரு முறையும் மறுத்தும், 1917இல் நாடாளுமன்றம் அதை மீறி நிறைவேற்றியது.

1891 மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸ் நகரில், காவல்துறைத் தலைவரின் கொலையை ஒட்டிச் சிறையில் இருந்த 11 இத்தாலியர்களை ஒரு கும்பல் உள்ளே புகுந்து கொன்றது. கும்பலை வழிநடத்தியவர்களில் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். பின்னாளில் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட், நடந்தது ஒருவகையில் நல்லதே என்று தம் சகோதரிக்கு எழுதினார்.

புதியவர்களுக்காகப் பேசியவர்கள் இல்லையா?

இருந்தார்கள், ஆனால் பல காரணங்களுக்காக. இருப்புப்பாதை முதலாளிகளும் ஆலை அதிபர்களும் கூலிக்கு ஆள் வேண்டும் என்பதற்காகப் பேசினார்கள்; அந்த ஆதரவே தொழிலாளரின் ஐயத்தை வலுப்படுத்தியது. கொள்கைக்காகப் பேசியவர்களில், அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸை முதலில் சொல்ல வேண்டும். 1869இல் பாஸ்டனில் ஆற்றிய உரையில், இடம்பெயர்வது மனித உரிமை, அது சீனருக்கும் உண்டு, அவர்களுக்கு வாக்கும் வேண்டும் என்றார். 1882இல் செனட்டர் ஜார்ஜ் ஹோர், சுதந்திரப் பிரகடனத்தை எடுத்துக்காட்டித் தடைச் சட்டத்தை எதிர்த்தார். மேற்குக் கரை நாளேடுகள் அவரை வறுத்தெடுத்தன. சுதந்திர தேவி சிலையின் பீடத்தில் இன்று காணப்படும் வரவேற்புக் கவிதை எழுதப்பட்டது 1883இல், அதாவது சீனருக்குத் தடை வந்த மறு ஆண்டில்; அது பொறிக்கப்பட்ட பலகை 1903இல்தான் அங்கே வைக்கப்பட்டது.

வேலை பறிபோகிறது, நோய் வருகிறது என்ற குற்றச்சாட்டுகளில் உண்மையே இல்லையா?

முழுப் பொய் என்று தள்ளுவது நேர்மையாகாது. ஒரே தொழிலில் ஆயிரக்கணக்கானோர் திடீரென்று வந்து சேரும்போது அங்கே கூலி உயராமல் நிற்கும்; வேலைநிறுத்தத்தை முறிக்கப் புதியவர்களை முதலாளிகள் கொண்டுவந்ததும் உண்டு. ஆனால் 1867இல் சென்ட்ரல் பசிபிக் இருப்புப்பாதையில் வேலை செய்த சீனத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது வெள்ளைத் தொழிற்சங்கங்கள் அவர்களோடு நிற்கவில்லை. நோயைப் பொறுத்தவரை, நெரிசலான குடியிருப்புகளில் காலராவும் காய்ச்சலும் பரவியது மெய். 1832இல் காலராவுக்கு ஐரிஷ்காரரையும், 1900இல் சான் பிரான்சிஸ்கோவில் பிளேக்குக்குச் சீனரையும் பழித்தார்கள். அந்த நகரில் சீனர் பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டியபோது எல்லைக்கோடு வெள்ளையர் கடைகளை வளைத்து ஒதுக்கியபடி சென்றது. குடிநீரும் கழிவுநீரும் எலியும் இனம் பார்ப்பதில்லை என்பது அன்றைய மருத்துவர்கள் சிலருக்கேனும் தெரிந்திருந்தது.

இந்தியர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள்?

1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் ஊரில், மர அறுவை ஆலைகளில் வேலை செய்த பஞ்சாபியரை ஏறத்தாழ ஐந்நூறு பேர் திரண்டு விரட்டினார்கள். பெரும்பாலோர் சீக்கியர், செய்தித்தாள்களோ எல்லோரையும் இந்துக்கள் என்றே எழுதின. 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவை உள்ளடக்கிய பெரும் ஆசியப் பகுதிக்கே கதவை அடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் குடியுரிமை கோரியபோது, இனவியல் என்ன சொன்னாலும் சாதாரண மனிதரின் பார்வையில் அவர் வெள்ளையர் அல்லர் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுமக்கள் மனப்பான்மை சட்டத்தின் பொருளையே தீர்மானித்ததற்கு இதைவிட வெளிப்படையான எடுத்துக்காட்டு கிடையாது. முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரும் இத்தீர்ப்பால் அதை இழந்தார்கள். 1946இல்தான் இந்தியருக்கு அந்த உரிமை கிடைத்தது. அதற்குப் பத்தாண்டுகளில், பஞ்சாபில் பிறந்த தலிப் சிங் சௌந்த் கலிபோர்னியாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நன்றாக வேரூன்றிய சமூகங்கள் மீதும் வெறுப்பு திரும்பியதுண்டா?

உண்டு. முதல் உலகப் போரில் ஜெர்மானியருக்கு அது நேர்ந்தது. 1918 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்தில் ஜெர்மனியில் பிறந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கும்பல் தூக்கிலிட்டது. அடுத்த மாதம் அயோவா ஆளுநர், பள்ளியிலும் வழிபாட்டிலும் தொலைபேசியிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்று ஆணையிட்டார்.

1924ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அதுவரை சிதறிக் கிடந்த வெறுப்பு அங்கேதான் கணக்காக மாறியது. 1921இல், 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒவ்வொரு நாட்டில் பிறந்தவர்களின் எண்ணிக்கையில் 3 விழுக்காட்டினரை ஆண்டுதோறும் விடலாம் என்றார்கள். 1924இல் அதை 2 விழுக்காடாகக் குறைத்ததோடு, அடிப்படையையும் 1890 கணக்கெடுப்புக்குப் பின்தள்ளினார்கள். இத்தாலியரும் யூதரும் பெருந்திரளாக வருவதற்கு முந்தைய ஆண்டு அது. விளைவாக இத்தாலியின் ஒதுக்கீடு 42,057இலிருந்து 3,845 ஆனது. ஜெர்மனிக்கு 51,227 கிடைத்தது. ஜப்பானியர் அறவே தடுக்கப்பட்டார்கள்.

இந்தக் கணக்கின் முழுக் கொடுமை 1930களில் தெரிந்தது. 1938 நவம்பரில் நடந்த காலப் கருத்துக்கணிப்பில், நாஜிகள் யூதரை நடத்தும் விதத்தை 94 விழுக்காட்டினர் கண்டித்தார்கள். ஜெர்மனியிலிருந்து மேலும் அதிக யூதரை உள்ளே விடலாமா என்ற கேள்விக்கு 72 விழுக்காட்டினர் கூடாது என்றார்கள். 1939இல் 20,000 குழந்தைகளை ஒதுக்கீட்டுக்கு வெளியே அனுமதிக்கக் கொண்டுவந்த மசோதா வாக்கெடுப்புக்கே வரவில்லை. அதே ஆண்டு 937 பயணிகளோடு வந்த செயின்ட் லூயிஸ் கப்பல், கியூபா ஏற்க மறுத்து அமெரிக்காவும் கைவிட்ட நிலையில் ஐரோப்பாவுக்குத் திரும்பியது. திரும்பியவர்களில் 254 பேர் நாஜிப் படுகொலையில் மாண்டார்கள்.

1965இல் நாட்டுவாரி ஒதுக்கீடு நீங்கியது, மக்கள் மனம் மாறியதாலா?

ஓரளவுக்கு மட்டுமே. குடிமை உரிமைப் போராட்டமும், ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் நட்புக்காகச் சோவியத் ஒன்றியத்தோடு நடந்த போட்டியும் பழைய சட்டத்தை வெட்கக்கேடாக்கின. ஒதுக்கீட்டால் இழிவுபட்ட இத்தாலிய, போலந்து, யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அதற்குள் பெரும் வாக்கு வங்கிகளாகியிருந்தார்கள் என்பதும் சேர்ந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் சுதந்திர தேவி சிலையடியில் கையெழுத்திட்ட லிண்டன் ஜான்சன், இது புரட்சிகரமான சட்டம் அல்ல என்று உறுதி கூறினார். உறவினருக்கு முன்னுரிமை தந்தால் ஐரோப்பியரே தொடர்ந்து வருவார்கள் என்று அவையினர் நம்பியே வாக்களித்தார்கள். இருபது ஆண்டுகளுக்குள், வருபவர்களில் பெரும்பான்மையினர் ஆசியாவையும் இலத்தீன் அமெரிக்காவையும் சேர்ந்தவர்களாக இருந்தனர். தமிழ்நாட்டிலிருந்து மருத்துவர்களும் பொறியாளர்களும் குடும்பத்தோடு போய்க் குடியேறியதும் இந்தச் சட்டத்தின் வழியாகத்தான்.